புரோட்டிஸ்டா ஸ்லைடு பெட்டி: பாசிகளில் நிறைவு, பூஞ்சை போன்றவற்றில் குறை

சேலத்தில் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் வழங்கும் கடையொன்றில் விற்கப்படும் புரோட்டிஸ்டா (தாவரம், விலங்கு, பூஞ்சை எதிலும் அடங்காத, உட்கரு கொண்ட எளிய உயிர்கள்) ஸ்லைடு பெட்டியை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுடன் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். மூன்று அறைகள் கொண்ட மரப்பெட்டி, அதில் 25 நிலை ஸ்லைடுகள், தமிழில் அச்சிட்ட ஒரு சிறு கையேடு ஆகியவை சேர்ந்து விலை 2,400 ரூபாய். முதல் அறையில் தாவரம் போன்றவை, இரண்டாவதில் பூஞ்சை போன்றவை, மூன்றாவதில் விலங்கு போன்றவை என்று பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், பாசிகளைப் பொறுத்தவரை இது கொடுத்த காசுக்குக் குறைவைக்காத பெட்டி. பூஞ்சை போன்றவற்றைப் பொறுத்தவரை பாதிக் கிணறு தாண்டிய முயற்சி. சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது பகுதிதான் வயலோடும் தோட்டத்தோடும் நேரடியாகத் தொடர்புடையது என்பதால், குறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தயாரிப்பின் தரம். கண்ணாடிகளின் ஓரம் நன்றாக மழுக்கப்பட்டிருக்கிறது. கவர் ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக் குமிழ் எதுவும் இல்லை. சாயம் அளவாக ஏறியிருக்கிறது. பெயர்ச்சீட்டுகளில் இனப்பெயரும் எடுத்த பகுதியும் தெளிவாக உள்ளன. ஆனால் மாதிரி எந்த ஊரில், எந்த நீர்நிலையில், எந்த மாதத்தில் சேகரிக்கப்பட்டது என்ற விவரம் ஒரு சீட்டிலும் இல்லை. பள்ளி அளவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், உயிரினப் பன்மையைக் காட்டுவதற்கென்றே தயாரித்த ஒரு பெட்டியில் அந்த ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

பெட்டியின் மணிமகுடம், டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளின் ஸ்லைடு. நூறு மடங்கு உருப்பெருக்கத்திலேயே பல வடிவங்கள் ஒன்றாகத் தெரிகின்றன: படகு வடிவம், ஊசி வடிவம், வட்டத் தட்டு வடிவம் என்று ஒரே துளியில் ஓர் ஊரே இருக்கிறது. நானூறு மடங்குக்கு மாற்றினால் படகு வடிவச் செல்களின் நடுவே ஓடும் நீண்ட கீறலும், அதன் இருபுறமும் இழைத்த மெல்லிய கோடுகளும் தெரிகின்றன. இந்த ஓடு சிலிக்காவால் ஆனது; டிபன் பாக்ஸும் மூடியும்போல ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் இரண்டு பாதிகளைக் கொண்டது. செல் பகுக்கும்போது ஒவ்வொரு சேய்ச் செல்லும் ஒரு பழைய பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படியான புதிய பாதியை உருவாக்கிக்கொள்கிறது. இதனால் தலைமுறை தலைமுறையாக ஒரு கிளைவழியின் அளவு சிறுத்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பாலினப் பெருக்கத்தின் மூலம் ஓட்டைக் களைந்து, பெரிய உருவத்தை மீண்டும் அடையும். ஸ்லைடில் ஒரே இனத்தின் பெரிய செல்லும் சிறிய செல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இதை மாணவர்களுக்குக் காட்டிய பிறகு பாடநூலில் உள்ள படத்தை விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த நுண்ணுயிர்களுடையது என்று கணக்கிடப்படுகிறது. 1867இல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபோது, நைட்ரோகிளிசரினை உறிஞ்சிக்கொள்ள அவர் பயன்படுத்தியதும் டயாட்டம் ஓடுகள் படிந்து உருவான மண்தான்.

கோள வடிவப் பச்சைப் பாசியான வால்வாக்ஸின் ஸ்லைடும் ஏறத்தாழ அதே தரம். கோளத்தின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு செல்களும், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் சேய்க் கோளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. 1700ஆம் ஆண்டிலேயே டச்சு நுண்ணோக்கியாளர் லீவன்ஹூக் தம் ஒற்றை லென்ஸ் கருவியால் பார்த்து விவரித்த உயிர் இது. ஸ்பைரோகைரா இரண்டு ஸ்லைடுகளாக வருகிறது: ஒன்றில் சுருள் வடிவப் பசுங்கணிகம், மற்றொன்றில் ஏணி இணைவு. இணைவு ஸ்லைடில் ஓர் இழையின் செல்கள் காலியாகவும் எதிர் இழையின் செல்களில் கருமுட்டைகள் நிறைந்தும் இருக்கின்றன. இணைவுக் குழாய் வழியாக உள்ளடக்கம் பாதி நகர்ந்த நிலையில் நின்ற செல்களும் சில உள்ளன. இப்படியொரு ஸ்லைடைக் கையால் தயாரிக்க வேண்டுமென்றால் சரியான நாளில் சரியான குளத்தில் இருக்க வேண்டும். காரா, பாலிசைபோனியா, சர்காஸம் ஆகிய மூன்றும் குறைசொல்ல இடமில்லாதவை. சர்காஸம் நம் மன்னார் வளைகுடாக் கரையில் ஏராளமாக ஒதுங்கும் பழுப்புப் பாசி. கூழாக்கும் பொருளான ஆல்ஜினேட் எடுக்க உதவுவது. கையேடு இதைக் குறிப்பிட்டிருப்பது நல்ல செய்தி.

ஒற்றைச் செல் உயிரான யூக்ளினா ஏமாற்றம் தருகிறது. சாயமேற்றிய செல்கள் சுருங்கி உருண்டுவிட்டன. நீந்த உதவும் கசையிழை ஒன்றில்கூடத் தெரியவில்லை. சிவந்த கண்புள்ளி சாயத்தில் மறைந்துபோயிற்று. நீண்டு, சுருங்கி, நெளிந்து நகர்வதுதான் யூக்ளினாவுக்குரிய அழகு. அதை இறந்த ஸ்லைடில் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதும் உண்மை. மாட்டுத் தொழுவத்துக் கழிவு கலக்கும் ஏதாவதொரு பச்சைக் குட்டையிலிருந்து ஒரு துளி எடுத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். கன்னங்குறிச்சி மூக்கனேரியின் ஓரத்தில் எடுத்த நீரிலும், ஏற்காடு ஏரிக் கரையின் நிழலான பகுதியில் எடுத்த நீரிலும், பெட்டியில் உள்ள பாசிகளின் உறவினர்கள் பலவற்றை உயிரோடு பார்த்தோம். குளக்கரை ஈர மண்ணில் வாழும் ஃபிரிட்ஷியெல்லா என்ற பச்சைப் பாசியை 1932இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்கார். மண்ணுக்குள் வேர் போன்ற பகுதியும் மண்ணுக்கு மேல் நிமிர்ந்த இழைகளும் கொண்ட அந்தப் பாசி, தாவரங்கள் தரைக்கு வந்த கதையைச் சொல்லப் பொருத்தமானது. தமிழ்நாட்டுப் பள்ளிகளை நம்பி விற்கும் பெட்டியில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

முதல் அறையில் நான் ஏற்க முடியாத ஒன்று, நாஸ்டாக், அனபீனா ஆகிய இரண்டு ஸ்லைடுகள். இவை பாக்டீரியங்கள். உட்கரு இல்லாத இந்தச் செல்களுக்குப் புரோட்டிஸ்டாவில் இடமே கிடையாது. பச்சையாக இருப்பதாலும் நீரில் வளர்வதாலும் பாசிகளோடு அடுக்கிவிட்டார்கள். கையேட்டில் ‘நீலப்பச்சைப் பாசி’ என்று போட்டு அதோடு நிறுத்திக்கொண்டது மாணவரைத் தவறான வழியில் கொண்டுபோய் நிறுத்தும்.

இனி இரண்டாவது அறை. இதில் இருப்பவை ஐந்தே ஸ்லைடுகள்: ரைசோபஸ், பெனிசிலியம், கீரையில் வெண்துரு நோய் உண்டாக்கும் அல்பூகோ, சளிப்பூஞ்சையான ஃபைசேரத்தின் பிளாஸ்மோடியம், இன்னொரு சளிப்பூஞ்சையான ஸ்டெமோனைட்டிஸின் வித்தகம் (வித்துகள் உருவாகும் பை). முதல் இரண்டும் உண்மையான பூஞ்சைகள். அவற்றின் செல்சுவர் கைட்டினால் ஆனது. வகைப்பாட்டு மரத்தில் அவை விலங்குகளின் பக்கம் நெருங்கி நிற்பவை. பூஞ்சை ‘போன்றவை’ என்று பெயரிட்ட அறையில் பூஞ்சைகளையே வைத்ததால், இந்த அறை எதைக் கற்பிக்க வந்ததோ அதையே மறைக்கிறது.

அல்பூகோ மட்டும் மிக நல்ல ஸ்லைடு. கீரை இலையின் குறுக்குவெட்டில், மேல்தோலுக்கு அடியில் வித்தகங்கள் சங்கிலியாகக் கோத்து நிற்பதும், அவற்றின் அழுத்தத்தில் தோல் புடைத்து ஓரிடத்தில் கிழிந்திருப்பதும் தெரிகின்றன. இதை மாணவர்களுக்குக் காட்டிய வாரத்திலேயே உழவர் சந்தையிலிருந்து வெண்துரு பிடித்த தண்டுக்கீரையை ஒரு மாணவி கொண்டுவந்தாள். இலையின் அடிப்பக்கம் முழுவதும் வெள்ளைக் கொப்புளங்கள். ஒரு கொப்புளத்தை ஊசியால் சுரண்டித் துளி நீரில் இட்டுப் பார்த்தபோது, ஸ்லைடில் கண்ட அதே உருண்டைகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. குளிர்ந்த நீர் கிடைத்தால் இந்த உருண்டைகள் வெடித்து, இரண்டு கசையிழைகள் கொண்ட நீந்தும் வித்துகளை வெளியிடும். உண்மையான பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி நீந்தும் வித்துகள் கிடையாது. அல்பூகோவின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது; அதன் இழைகளில் குறுக்குச் சுவர்கள் இல்லை; நெருங்கிய உறவு யாரோடு என்று பார்த்தால், இதே பெட்டியின் முதல் அறையில் இருக்கும் டயாட்டத்தோடும் சர்காஸத்தோடும். ஒரு கசையிழையில் நுண்ணிய மயிர்கள் வரிசையாக அமைந்திருப்பது இந்தக் குலம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். பசுங்கணிகம் உள்ளவையும் இல்லாதவையும், மிக நுண்ணியவையும் பல மீட்டர் நீளும் கடற்பாசிகளும் ஒரே கிளையில் நிற்கின்றன என்பது, புரோட்டிஸ்டாவைப் பற்றி நான் பாடம் எடுக்கும்போதெல்லாம் மாணவர்களின் புருவத்தை உயர்த்தும் செய்தி. அதற்கான மூன்று சான்றுகளையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, அவற்றை இரண்டு அறைகளில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது அறையிலும் இதே சிக்கல். அங்கே அமீபா இருக்கிறது. அதன் உறவினரான சளிப்பூஞ்சையோ இரண்டாவது அறையில், பெனிசிலியத்தோடு கிடக்கிறது. ஃபைசேரத்தின் பிளாஸ்மோடியம் எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே செல். அமீபாவைப் போலவே இரையைச் சூழ்ந்து விழுங்குவது. அதன் நரம்புகளுக்குள் செல்திரவம் ஒரு திசையில் பாய்ந்து, சிறிது நேரத்தில் நின்று, எதிர்த்திசையில் திரும்பிப் பாயும் காட்சியை ஒருமுறை கண்டவர்கள் இதைப் பூஞ்சை என்று ஒருபோதும் எண்ண மாட்டார்கள். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் நாககாகி குழுவினர், இந்தச் செல் ஒரு புதிர்வழியில் இரண்டு உணவு மூலங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைத் தேர்ந்ததைக் காட்டினார்கள். 2010இல் டோக்கியோ வட்டாரத்து ஊர்களின் அமைப்பில் ஓட்ஸ் துகள்களை வைத்தபோது, அங்குள்ள ரயில் பாதைகளோடு ஒப்பிடத்தக்க வலையை அது விரித்தது. பெட்டியில் உள்ள ஸ்லைடில் இவற்றின் சாயல்கூட இல்லை. மஞ்சள் கறையாக ஒரு பூச்சு மட்டுமே தெரிகிறது. ஸ்டெமோனைட்டிஸ் பரவாயில்லை, நடுத்தண்டும் அதிலிருந்து பிரியும் வலையும் தெரிகின்றன.

விடுபட்டவற்றின் பட்டியல்தான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அல்பூகோவின் உறவினர்களான நீர்ப்பூஞ்சைகளில் சாப்ரோலெக்னியா இல்லை, பித்தியம் இல்லை, ஃபைட்டாஃப்தோரா இல்லை. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் நுழைந்து, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்த பஞ்சத்துக்குக் காரணமான உயிர் ஃபைட்டாஃப்தோரா. அதை அயர்லாந்துக் கதையாக மட்டும் படிக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி வந்து சேர்ந்த சேர்வராயன் மலையில், இன்று காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறி நிற்கிறது. அந்தக் கொடியின் அடித்தண்டை மழைக்காலத்தில் அழுகச் செய்து, பச்சையாக இருந்ததைச் சில வாரங்களில் வாடிச் சாய்க்கும் வாடல் நோய்க்குக் காரணம் இதே ஃபைட்டாஃப்தோரா பேரினத்தின் இன்னொரு சிற்றினம். சமவெளிக்கு இறங்கினால், மஞ்சள் வயலில் நீர் தேங்கும் இடங்களில் வரும் கிழங்கு அழுகலுக்குப் பித்தியம் காரணம். கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் நாற்றுகள் கழுத்தொடிந்து விழுவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம்.

இவை பூஞ்சைகள் அல்ல என்பது வகைப்பாட்டு நுணுக்கம் மட்டுமல்ல. உழவருக்குக் காசு விஷயம். பூஞ்சைக்கொல்லிகளில் பல, பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாவதைத் தடுத்து வேலை செய்பவை. ஃபைட்டாஃப்தோராவும் பித்தியமும் எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதே இல்லை; ஆகவே அந்த மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் பணம்தான் கரையும். போர்டோ கலவை, மெட்டலாக்ஸில் போன்ற மருந்துகள் இவற்றுக்கு வேறு வழியில் வேலை செய்கின்றன. நீந்தும் வித்துகள் பரவ நீர்ப்படலம் தேவை என்பதால், தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டுவதே முதல் மருத்துவம். தோட்டக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இதைச் சொல்ல ஒரே ஒரு ஃபைட்டாஃப்தோரா ஸ்லைடு போதும். ரைசோபஸ் இருக்கும் இடத்தில் அதை வைத்திருக்கலாம்.

ஸ்லைடு இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். எள்ளை வேகவைத்து, இரண்டாகப் பிளந்து, ஏரி நீர் ஊற்றிய அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட வேண்டும். நீரோடு கரையோரச் சகதியும் சிறிது சேர்ந்தால் நல்லது. சில நாட்களில் எள்ளைச் சுற்றி வெண்ணிற இழைகள் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். எள்ளை மெதுவாக எடுத்துப் புதிய நீரில் அலசி, நூறு மடங்கில் பார்த்தால், இழைகளின் நுனி சற்றுத் தடித்து, உள்ளே கருமையாகத் துகள்கள் திரண்டிருப்பது தெரியும். பொறுமையாகக் காத்திருந்தால், அந்த நுனி திறந்து வித்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நீந்தி வெளியேறுவதைப் பார்க்கலாம், அது சாப்ரோலெக்னியா. வெளியேறிய வித்துகள் நீந்திப் போகாமல் வாயிலிலேயே உருண்டையாகக் குவிந்து நின்றால் அது பெரும்பாலும் அக்லியா. ஏற்காட்டு ஏரி நீரில் இரண்டு வகையும் எங்களுக்குக் கிடைத்தன. சளிப்பூஞ்சைக்கு இதைவிட எளிய வழி உண்டு: தோட்டத்தில் பட்டுப்போன மரத்தின் பட்டையைச் சிறு துண்டுகளாகக் கொண்டுவந்து, ஈரமான வடிதாள் விரித்த பெட்ரித் தட்டில் மூடி வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் காம்பு முளைத்த சிறு வித்தகங்கள் எழும். தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் மலையில் நடந்தால், மட்கிய கட்டைகளின் மேல் பழுப்புக் கொத்தாக ஸ்டெமோனைட்டிஸ் கண்ணில் படுகிறது. கைபட்டாலே பொடியாக உதிரும் என்பதால் கட்டைத் துண்டோடு சேர்த்து எடுத்துவர வேண்டும்.

கையேட்டின் தமிழ் நன்றாக உள்ளது, படங்களும் தெளிவு. ஆனால் அதன் வகைப்பாடு உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்த, 1969ஆம் ஆண்டின் விட்டேக்கர் ஐந்துலக முறையோடு நின்றுவிடுகிறது. அதையும் முழுமையாகப் பின்பற்றவில்லை. விட்டேக்கர் பழுப்பு, சிவப்பு, பச்சைப் பாசிகளைத் தாவர உலகத்திலும், சளிப்பூஞ்சைகளையும் நீர்ப்பூஞ்சைகளையும் பூஞ்சை உலகத்திலும் வைத்தவர். 1866இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்ற உலகத்தை முன்மொழிந்தபோது தாவரத்திலும் விலங்கிலும் அடங்காதவற்றுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இன்று மரபணு ஒப்பீட்டுக்குப் பிறகு அது ஒரே குலமல்ல, பல தனித்தனிக் கிளைகளின் தொகுப்பு என்று தெளிவாகியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்குப் பழைய முறை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதோடு அரைப் பக்கம் இன்றைய நிலையையும் சேர்த்திருந்தால் கையேட்டின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

என் வகுப்பில் பெட்டியின் அடுக்கை மாற்றிவிட்டேன். டயாட்டம், சர்காஸம், அல்பூகோ மூன்றும் ஓர் அறையில்; அமீபா, ஃபைசேரம், ஸ்டெமோனைட்டிஸ் ஓர் அறையில்; பச்சை, சிவப்புப் பாசிகள் ஓர் அறையில். யூக்ளினாவும் மூன்றாவது அறையில் எஞ்சிய பாரமீசியம் போன்றவையும் மூலையில் தனியாக நிற்கின்றன. நாஸ்டாக், அனபீனா, ரைசோபஸ், பெனிசிலியம் நான்கையும் எடுத்துப் பாக்டீரியா, பூஞ்சைப் பாடங்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். இந்த மாற்றத்துக்குப் பிறகு மாணவர்கள் கேட்கும் கேள்விகளின் தரம் மாறியிருக்கிறது. இலையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒன்றுக்கும் கடலில் வளரும் ஒன்றுக்கும் எப்படி உறவு வரும் என்று அவர்களாகவே கேட்கிறார்கள்.

கடையின் சேவையில் குறையில்லை. வரும்போதே விரிசல் விட்டிருந்த காரா ஸ்லைடை மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்லைடுகள் உதிரியாகவும் கிடைக்கின்றன. ஆய்வகத்தில் எதுவும் இல்லாத பள்ளி என்றால் முழுப் பெட்டியை வாங்கலாம். ஏற்கெனவே சில ஸ்லைடுகள் வைத்திருப்பவர்களும் வீட்டில் நுண்ணோக்கி வைத்துப் பழகுபவர்களும் டயாட்டம், வால்வாக்ஸ், ஸ்பைரோகைரா இணைவு, அல்பூகோ ஆகிய நான்கை மட்டும் உதிரியாக வாங்கினால் போதும். மிச்சப் பணத்தில் நல்ல பெட்ரித் தட்டுகளும் ஒரு கட்டு கவர் ஸ்லிப்பும் வாங்கிக்கொள்வது மேல். ஃபைட்டாஃப்தோரா, சாப்ரோலெக்னியா ஸ்லைடுகள் கேட்டதற்கு, தயாரிப்பாளரிடம் சொல்லி அடுத்த சரக்கில் தருவிப்பதாகக் கடைக்காரர் கூறியிருக்கிறார். வாங்கச் செல்பவர்கள் அவற்றைக் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுப்பது நல்லது.